வியாழக்கிழமை மேசை

அலுவலகப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஊரில் இருந்த சமையல்காரர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவர்களுக்கு அவர் டார்ச்சம்மா. உணவகங்களின் சமையலறைகளைச் சோதிப்பது அவர் வேலை. கையில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அடுப்புக்கு அடியில், மாவு மூட்டைகளின் இடுக்கில் என்று அந்த வெளிச்சம் நுழையாத இடம் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சிலர் நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்து ‘டார்ச்சரம்மா’ என்பார்கள். அதுவும் அவர் காதில் விழுந்திருக்கிறது. “ஒரு எழுத்துதானே, இருந்துட்டுப் போகட்டும்” என்பார்.

முப்பத்திரண்டு வருடம் அந்த வேலை பார்த்தார். ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்பவர்கள், சின்ன வயதில் கெட்டுப்போன எதையோ தின்று வீட்டில் யாரோ படுத்த படுக்கையான கதை ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வேதியியல் படித்துவிட்டு மூன்று வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டார். இதற்கான கடிதம் முதலில் வந்தது.

ஒரு சமையலறைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது கை கழுவும் தொட்டியை. அது ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து கிடந்தாலோ, அதில் வெங்காயக் கூடை உட்கார்ந்திருந்தாலோ, அங்கே யாரும் கை கழுவுவதில்லை என்று அர்த்தம். பிறகு தரையில் விரித்திருக்கும் ரப்பர் பாயைத் தூக்கிப் பார்ப்பார். ஃப்ரிட்ஜ் கதவின் விளிம்பை விரலால் விரித்துப் பார்ப்பார். வெந்த இறைச்சியில் வெப்பமானியின் ஊசியைக் குத்திவிட்டு, எண் நிலைக்கும்வரை பேசாமல் நிற்பார். அந்தக் கொஞ்ச நேரம் சமையலறையில் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். அவர் கத்தியதில்லை, மிரட்டியதில்லை, யார் கொடுத்த டீயையும் குடித்ததில்லை. எழுதுவார், கிழித்துக் கொடுப்பார், போய்விடுவார்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே வெளியில் சாப்பிடுவது நின்றுபோனது. சபதம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு நாள் ஒரு கடையில் தட்டு முன்னால் வந்தது. அந்தத் தட்டை எந்தத் துணியால் துடைத்திருப்பார்கள் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. கை போகவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு விருந்துகளில் தட்டைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கத்து உணவைக் கரண்டியால் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுவார். ரயில் பயணம் என்றால் மூன்று வேளைக்கும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவார்.

வீட்டில் அவர் சமையல் சுத்தமானது. அதைப் பற்றிச் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான். கிருமி சாகும்வரை வேகவைப்பார். கூடவே ருசியும் செத்துவிடும். “எங்க வீட்டுல கீரைக்கும் பருப்புக்கும் கலர்தான் வித்தியாசம்” என்று மகள் பள்ளிக்கூடத்தில் சொல்லி, அது ஆசிரியை வழியாக வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. பதினெட்டு வயதில் மகள் விடுதிக்குப் போனாள். கண்ட கடையில் கண்டதைத் தின்றாள். படித்து முடித்து, பக்கத்து நகரத்தில் மருத்துவமனை ஒன்றில் கை கால் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். இந்தப் பத்து வருடத்தில் அவளுக்கு ஒரே ஒரு முறைதான் வயிற்றுப்போக்கு வந்தது. அதுவும் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்ப அரைத்துப் பொருத்துவார். கால் மில்லிமீட்டர் தவறினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். அதனால் எதையும் மெதுவாகச் செய்வார், மெதுவாகப் பேசுவார், பெரும்பாலும் பேசாமலே இருப்பார். தெருவில் கண்ணாடிக்காரர் என்று சொன்னால்தான் தெரியும். வாயில்லாப் பூச்சி என்று உறவில் பெயர். போட்டதைச் சாப்பிட்டார். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் உப்பு இல்லை என்றோ, உறைப்பாக ஏதாவது செய்யேன் என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தினமும் இரண்டு அடுக்கு டப்பாவில் அவருக்குச் சாப்பாடு போகும். மாலையில் கழுவித் துடைத்த டப்பா திரும்பி வரும். ஆனால் ஏழெட்டு வருடமாக அவர் இடுப்பு பெருத்துக்கொண்டே வந்தது. டார்ச்சம்மாவுக்கு அது கணக்கில் வரவில்லை. தான் அளந்து போடும் சோற்றில் ஒரு மனிதர் இப்படி ஊத முடியாது. தைராய்டு பார்க்க அனுப்பினார். சர்க்கரை பார்க்க அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தது. இரவுச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துப் பார்த்தார். இடுப்பு அசையவில்லை.

அறுபது முடிந்த மாதத்தின் கடைசி நாளில் டார்ச்சம்மா ஓய்வு பெற்றார். டார்ச்சை, வெப்பமானியை, முத்திரையை எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். சகாக்கள் மேசையில் பலகாரம் பரப்பியிருந்தார்கள். வழக்கம்போலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக, “அம்மா, இன்னிக்கு மத்தியானம் நாம வெளிய சாப்பிடுறோம். மூணு பேரும்” என்றாள்.

“நீங்க போயிட்டு வாங்க.”

“நீ வரலேன்னா நான் இப்பவே அடுத்த பஸ் பிடிக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் எல்லார் சமையலறையையும் பாத்தாச்சு. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில உக்காந்து பாரு.”

“உள்ள ஒரு தடவை பாத்துட்டு உக்காரலாமா?”

“கூடாது. நீ இப்ப இன்ஸ்பெக்டர் இல்ல. எங்க அம்மா.”

டார்ச்சம்மா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அன்று செய்வதற்கு அவருக்கு வேறு வேலை இல்லை. மறுநாளும் இல்லை. “சரி, வர்றேன்” என்றார். மகள் இவ்வளவு சுலபமாக முடியும் என்று நினைக்கவில்லை. கண்ணாடிக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார்.

டாக்ஸியில் ஏறிய பிறகுதான், “எந்தக் கடைக்கும்மா?” என்று மகளிடம் கேட்டார் கண்ணாடிக்காரர்.

“பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல, செருப்புக் கடைக்கு மாடியில ஒரு மலேசியா சாப்பாட்டுக் கடை இருக்காமே. போன்ல எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்க.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாடின்னா படி ஏறணுமே. அம்மாவுக்கு முட்டி வலி” என்றார்.

“எனக்கு எங்க முட்டி வலி?” என்றார் டார்ச்சம்மா.

“சனிக்கிழமை கூட்டமா இருக்கும்.”

“மேசை சொல்லி வச்சிருக்கேன்பா.”

“காரம் ஜாஸ்தியா இருக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்” என்று கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர் அடங்கிப்போனார். முன்னிருக்கையில் அவர் கழுத்து வியர்த்திருந்ததை மகள் பார்த்தாள். வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

செருப்புக் கடைக்கு முன்னால் இறங்கியதும் டார்ச்சம்மா நின்றுவிட்டார். “இந்தக் கடைய நான் பூட்டியிருக்கேன்” என்றார்.

“இந்த ஊர்ல நீ பூட்டாத கடை எதும்மா?” என்று சொல்லிக்கொண்டே மகள் படியேறினாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அவர் அங்கே சோதனைக்குப் போனார். தொட்டி ஈரமாக இருந்தது. சோப்பு இருந்தது. ஃப்ரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் தேதி ஒட்டியிருந்தது. இவ்வளவு ஒழுங்கான சமையலறையில் பின்பக்கத் தரையில் மட்டும் ஒரு பலகை கிடந்தது. அதைக் காலால் நகர்த்தினார். கட்டடத்தின் சாக்கடைக் குழாய் அடைத்து, தரையில் இருந்த வடிகால் ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. அதன்மேல் பலகையைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சமைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதே பூட்டச் சொன்னார். சமைத்து வைத்திருந்த எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். அடுப்பில் ஒரு பெரிய சட்டியில் தேங்காய்ப்பாலில் இறைச்சி சுண்டிக்கொண்டிருந்தது. மலேசியாவிலிருந்து வந்து கடை போட்டிருந்த அந்த அம்மாள் கரண்டியைக் கையில் பிடித்தபடி, காலையில் நாலு மணியிலிருந்து கிண்டியது என்றார். அதையும் டிரம்மில் ஊற்றி, மேலே பினாயில் விட்டு, யாரும் எடுக்க முடியாதபடி ஆக்கும்வரை டார்ச்சம்மா அங்கேயே நின்று பார்த்தார். விதி அப்படி. ஒன்பது நாள் கடை மூடிக் கிடந்தது.

அதே படிகளில்தான் இப்போது மகளுக்குப் பின்னால் ஏறினார். மேலே பன்னிரண்டு மேசைகள் இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆட்கள். ஒடிசலான வயதான பரிமாறுபவர் ஒருவர் தோளில் துண்டோடு விரைந்து வந்தார். மகளைப் பார்க்கவில்லை, டார்ச்சம்மாவைப் பார்க்கவில்லை. பின்னால் மெல்ல ஏறி வந்த கண்ணாடிக்காரரைப் பார்த்து அவர் முகம் விரிந்தது.

“வாங்க, வியாழன் சார்! என்ன இன்னிக்கு சனிக்கிழமைல? குடும்பத்தோட வந்திருக்கீங்களா? உங்க ஜன்னல் மேசையில இப்பதான் ஆள் உக்காந்துட்டாங்களே...”

கண்ணாடிக்காரர் கடைசிப் படியிலேயே நின்றார்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். டார்ச்சம்மா பரிமாறுபவரைப் பார்த்தார். “எந்த வியாழன்?” என்றார். சமையலறைகளில் கேட்கும் அதே குரல்தான்.

“ஒவ்வொரு வியாழனும்தாங்க. சார் ரெண்டு மணிக்கு வந்துடுவார்.”

“எத்தனை வருஷமா?”

“நான் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. அதுக்கு முன்னாடியே வர்றவர் அவர்.” ஏதோ தவறாகப் போகிறது என்று அப்போதுதான் பரிமாறுபவருக்கு உறைத்தது. துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த மேசை ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தார்.

உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமைகளில் கண்ணாடிக் கடை அரை நாள்தான் என்பது டார்ச்சம்மாவுக்குத் தெரியும். மதியம் கடை கூட்டுவது, இருப்புப் பார்ப்பது என்று கணவர் சொல்லியிருந்தார். அவர் வீடு திரும்ப ஐந்தாகும். அதைப் பற்றி டார்ச்சம்மா இத்தனை வருடத்தில் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. ஊரில் ஒவ்வொரு பாயாகத் தூக்கிப் பார்த்தவர் அவர்.

“அப்போ டப்பா?” என்றார்.

“பதினோரு மணிக்குச் சாப்பிட்டுடுவேன்.”

“முழுசா?”

“முழுசா. ஒரு பருக்கைகூட வீணாக்கினதில்ல.”

“அதுக்கு மேல ரெண்டு மணிக்கு இங்க.”

“ஆமா.”

“நான் உங்கள தைராய்டு டெஸ்டுக்கு அனுப்பினேன்.”

“அதான் நார்மல்னு வந்துச்சே” என்றார் கண்ணாடிக்காரர்.

மகள் தண்ணீர் குடிக்கப் போய்ப் புரையேறி, துணியால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா இருமுகிறாளா என்று தெரியவில்லை.

பரிமாறுபவர் பட்டியல் அட்டைகளோடு வந்தார். டார்ச்சம்மா அதைத் திறந்தார். ஒரு பெயரும் விளங்கவில்லை. கண்ணாடிக்காரர் அட்டையைத் தொடவேயில்லை. பரிமாறுபவரை நிமிர்ந்து பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். “ஒரு நாசி லெமாக். சம்பலைத் தனியா வைங்க, நெத்திலி மொறுமொறுன்னு இருக்கணும், போன வாரம் கொஞ்சம் நமுத்துப் போச்சு. முட்டை எனக்கு எப்பவும் போல. ரொட்டி சானாய் ரெண்டு, பருப்போட. ரெண்டாங் ஒண்ணு, சட்டியில அடில இருக்கிறதா பாத்து எடுங்க. மகளுக்கு லக்சா, அவளுக்குப் புளிப்பு பிடிக்கும். தே தாரிக் மூணு. ஒண்ணுல சர்க்கரை பாதி.”

டார்ச்சம்மா தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குரல் அவருக்குப் புதிது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒருவரின் குரல்.

“அதென்ன, முட்டை எப்பவும் போல?” என்றார்.

“அரை வேக்காடு. மஞ்சள் கரு ஓடணும்.”

“உங்களுக்கு அது பிடிக்குமா?”

“பிடிக்கும்.”

“எப்பலேருந்து?”

“சின்ன வயசுலேருந்து.”

பன்னிரண்டு நிமிடம் கொதித்து, கரு ஓரத்தில் பச்சை படிந்த முட்டையை முப்பத்தோரு வருடமாக அவர் தட்டில் வைத்துவந்தது டார்ச்சம்மாதான். பட்டியலை மூடி மேசையோரத்தோடு சரியாகப் பொருந்தும்படி வைத்தார்.

அப்போதுதான் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்கார அம்மாள் வந்தார். ஐம்பது தாண்டியவர், தலையில் துணி கட்டியிருந்தார். வியாழன் சார் குடும்பத்தோடு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவர், டார்ச்சம்மாவைப் பார்த்ததும் நின்றார். சிரிப்பு போகவில்லை, அப்படியே உறைந்து நின்றது.

“மேடம்” என்றார்.

“நல்லா இருக்கீங்களா?” என்றார் டார்ச்சம்மா.

கடைக்கார அம்மாள் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். “சார், இவங்க...?”

“என் வீட்டுக்காரி.”

“சார்! எத்தனை தடவை நான் உங்ககிட்ட இவங்களைத் திட்டியிருக்கேன் லா!” பதற்றத்தில் அவருடைய மலேசியப் பேச்சு எட்டிப் பார்த்தது.

“ஒரு பதினாலு தடவை இருக்கும்.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே. தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே!”

“நீங்க சொன்னதுல பாதி சரியாத்தான் இருந்துச்சு” என்றார் அவர்.

“எந்தப் பாதி?” என்று கேட்டார் டார்ச்சம்மா.

கடைக்கார அம்மாளுக்கு ஒன்பது வருடமாக நெஞ்சில் இருந்தது வெளியே வந்தது. “ஒன்பது நாள் மேடம். குழாய் என்னோடது இல்ல, கட்டடக்காரரோடது. எத்தனை கடிதம் போட்டேன் தெரியுமா? நீங்க பூட்டிட்டுப் போனதும் என் பெரிய சமையல்காரர் வேற கடைக்குப் போயிட்டார். திரும்பி வரவே இல்ல. இன்னிவரைக்கும் காலைல நானேதான் கிண்டுறேன்.”

“பலகையைப் போட்டு மூடினது யாரு?”

“நான்தான்.”

“அதுக்குத்தான் பூட்டினேன். குழாய்க்கு இல்ல.”

அடுத்த மேசையில் யாரோ கரண்டி கேட்டார்கள். கடைக்கார அம்மாள் தலையை ஒரு முறை ஆட்டினார். அதை ஒப்புக்கொண்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளாததாகவும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொள்வதற்குள் டார்ச்சம்மா எட்டிப் பார்த்தார். கை கழுவும் தொட்டியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“ஊர்ல இத்தனை கடை இருக்கு” என்று கணவரிடம் திரும்பினார். “நான் பூட்டின கடைதான் உங்களுக்குக் கிடைச்சுதா?”

“அன்னிக்கு சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து ஒண்ணு சொன்ன. உனக்கு ஞாபகம் இருக்காது. இன்னிக்கு ஒரு சட்டி கறியைக் கொட்ட வச்சேன், மணம் மட்டும் அப்படி இருந்துச்சுன்னு சொன்ன. சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்ட.”

“அப்படியா சொன்னேன்?”

“ஒரு சாப்பாட்டைப் பத்தி நீ நல்லதா ஒண்ணு சொல்லி நான் கேட்டதே இல்ல. அது என்னன்னு பாக்கலாம்னு ஒரு மாசம் கழிச்சு வந்தேன். அப்புறம்...” கையை விரித்தார். அப்புறம் நடந்ததை அவருடைய இடுப்பே சொன்னது.

சாப்பாடு வந்தது. நாசி லெமாக் என்பது தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. அது சின்னக் கிண்ணத்தில் கவிழ்த்த வடிவத்தில், மேலே ஏதோ பச்சை இலையின் வாசனையோடு இருந்தது. பக்கத்தில் வறுத்த நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, கருஞ்சிவப்பாக மிளகாய்ச் சம்பல். ரொட்டி அடுக்கடுக்காக உப்பியிருந்தது. பரிமாறுபவர் இரண்டு குவளைகளைத் தூக்கிப் பிடித்து, ஒரு முழ உயரத்திலிருந்து டீயை இங்கும் அங்கும் ஆற்றி நுரை கட்டிக் கொடுத்தார். நடுவில் ரெண்டாங் வந்து உட்கார்ந்தது. தேங்காய்ப்பால் முழுக்கச் சுண்டி, மசாலா இறைச்சியோடு ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது.

டார்ச்சம்மா கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு வெப்பமானி வந்தது. அலுவலகத்துடையதை ஒப்படைத்தாயிற்று; இது சொந்தமாக வாங்கியது.

“அம்மா, மானத்தை வாங்காத” என்றாள் மகள்.

அதற்குள் ஊசி இறைச்சியில் இறங்கிவிட்டது. பரிமாறுபவர் குவளையோடு அப்படியே நின்றார். சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“எழுபத்தொண்ணு” என்றார் டார்ச்சம்மா. ஊசியைத் துடைத்து உள்ளே வைத்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

முதலில் சூடு தெரிந்தது. அடுத்தது இனிப்பு போல ஏதோ. உறைப்பு அதற்குப் பிறகுதான், மெதுவாக, காது வரைக்கும் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. மகளும் கணவரும் எதிரே சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவர் இரண்டாவது துண்டை எடுத்தார். ரொட்டியைப் பிய்த்து மசாலாவில் தோய்த்தார். கடையில் அவருக்கு முன்னால் வைத்த தட்டு ஒன்று முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு காலியானது. முடித்துவிட்டு, “உப்பு கொஞ்சம் ஜாஸ்தி” என்றார்.

“அது என்னமோ உண்மைதான்” என்றார் கண்ணாடிக்காரர்.

கடைக்கார அம்மாள் மறுபடி வெளியே வரவில்லை. பில்லில் எதையும் குறைக்கவும் இல்லை, இனாமாக ஒன்றும் அனுப்பவும் இல்லை. டார்ச்சம்மாவுக்கு அது பிடித்திருந்தது. மகள் அங்கிருந்தே பஸ் நிலையத்துக்குப் போனாள். கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள்.

மாலை ஆறு மணிக்கு, காயப்போட்டிருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது டார்ச்சம்மா சொன்னார். “ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.”

“கூப்பிட்டா வந்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்.”

“மாட்டேன்தான். ஆனா கூப்பிட்டிருக்கலாம்.”

கண்ணாடிக்காரர் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தார். அது கோணலாக வந்தது. பிரித்து மறுபடி மடித்தார். “ஆமா. கூப்பிட்டிருக்கலாம்” என்றார்.

அதோடு முடியவில்லை. மூன்று நாள் வீட்டில் பேச்சு தேவைக்கு மட்டும் நடந்தது. டார்ச்சம்மாவுக்குக் கோபமா என்று கேட்டால், கோபம் என்று சொல்ல முடியாது. ஏமாற்றிவிட்டார் என்பது பெரிதாகப்படவில்லை. அதைவிடப் பெரிய ஏமாற்றுகளை வேலையில் பார்த்திருக்கிறார். கூடவே இருந்த மனிதருக்கு என்ன பிடிக்கும் என்பதை ஒரு பரிமாறுபவர் தன்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்ததுதான் உறுத்தியது. புதன்கிழமை காலை கணவருக்கு முட்டை வைத்தார். ஆறு நிமிடத்தில் அடுப்பை அணைத்தார். கையில் எடுத்துப் பார்த்தார். மறுபடி தண்ணீரில் போட நினைத்து, போடாமல் தட்டில் வைத்தார். கண்ணாடிக்காரர் உடைத்தார். மஞ்சள் கரு தட்டில் ஓடியது. ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். “நாளைக்கு டப்பா கட்டமாட்டேன்” என்றார் டார்ச்சம்மா. “ரெண்டு சாப்பாடு உடம்புக்கு ஆகாது.”

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, செருப்பை மாட்டிக்கொண்டே கண்ணாடிக்காரர் கேட்டார். “மத்தியானம் நீயும் வர்றியா? ஜன்னல் மேசைய எடுத்து வைக்கச் சொல்றேன்.”

கணவர் கேட்டது டார்ச்சம்மாவுக்குத் திருப்தியாக இருந்தது. ஆனாலும், “வேணாம். வியாழக்கிழமை உங்களுது. நான் வேற நாள் போய்க்கிறேன்” என்றார்.

சொன்னபடியே ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் போனார். பன்னிரண்டு மேசையில் ஒன்பது காலி. பரிமாறுபவர் அவரை மூலையில் உட்காரவைத்து, அட்டையைக் கொடுத்துவிட்டு, மரியாதையான தூரத்தில் நின்றார். டார்ச்சம்மா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். மறுபடி படித்தார். எந்த உணவை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தனக்கு எது பிடிக்கும் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்ட நினைவே இல்லை. பரிமாறுபவரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக விசாரித்தார். இது இனிப்பா, உறைப்பா, இதில் என்ன மீன், இது குழைவாக இருக்குமா. இருபது நிமிடம் ஆயிற்று. கடைசியில் வறுத்த நூடுல்ஸ் சொன்னார். பிடிக்கவில்லை. பாதியோடு வைத்துவிட்டார். அடுத்த செவ்வாய் வேறொன்று சொன்னார்.

அப்படியே பட்டியலில் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டே போனார். கடைக்கார அம்மாளுக்கும் அவருக்கும் நட்பு ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. வந்தால் தலையசைப்பார்கள். ஒரு முறை மட்டும், புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் காய்கறி நறுக்கும் பலகைகளைப் பற்றி ஏதோ எழுதிவிட்டுப் போனதாகச் சொல்லி, அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டார்ச்சம்மா படித்துப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் எழுதியிருக்கார். மாத்திடுங்க” என்றார். அம்மாள் தாளை எடுத்துக்கொண்டு போனார்.

ஏழாவதோ எட்டாவதோ செவ்வாயில் முறை லக்சாவுக்கு வந்தது. புளி கரைத்த மீன் குழம்பில் நூடுல்ஸும் புதினாவும் மிதந்தன. டார்ச்சம்மா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டார். பாதியில் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

“என்னம்மா, ஏதாவது அவசரமா? நோயாளி காத்திருக்கார்.”

“அவசரம் ஒண்ணும் இல்ல. எனக்குப் புளிப்பு பிடிக்குது.”

“என்னது?”

“புளிப்பு. ரொம்பப் பிடிக்குது. உனக்கு என்கிட்டேருந்துதான் வந்திருக்கு.”

மறுமுனையில் மகள் சிரித்தாள். “இதைச் சொல்லவா கூப்பிட்ட?”

“ஆமா, வேற எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் டார்ச்சம்மா. பரிமாறுபவரைப் பார்த்துக் கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் எலுமிச்சை கொண்டுவரச் சொன்னார்.